குழாயின் அடிவயிற்று மண்

1. பள்ளத்தில் பதினோரு குடிசை

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு தப்பு என் கண்ணில் பட்டது. கரை எழுப்பப் போகிற இடத்துக்கு நேர் கீழே, பள்ளத்தில், கூலி லைன் போட்டிருந்தார்கள். பதினோரு குடிசை. கரையே இன்னும் வரவில்லை, கரைக்குக் கீழே குடியிருக்க ஆள் வந்தாயிற்று. சொல்லலாமா என்று நினைத்தேன். வந்ததும் வராததுமாகக் குற்றம் சொல்கிறான் என்பார்களே என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே கரிசல் காட்டில் ஒரு கம்பெனி உருண்டைக் கல் வெட்டிக்கொண்டிருந்தது. களிமண்ணுக்குள் நெல்லிக்காய் அளவிலும் தேங்காய் அளவிலும் பதிந்து கிடக்கும். எருவுக்கு ஆகும் என்றார்கள். எனக்குக் கல்லைப் பற்றித் தெரியாது, மண்ணைப் பற்றித்தான் தெரியும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரை வேலையில் திமிசு பிடித்தவன். திமிசு என்பது மண்ணை இடித்து இறுக்குகிற கனத்த கட்டை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரோலரைத்தான் பார்த்திருப்பார்கள். எங்களுக்கு அதுதான் ரோலர். கரை மேஸ்திரி என்று பெயர் கொடுத்து என்னை எடுத்துக்கொண்டார்கள்.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவன். “கவலப்பட ஒண்ணும் இல்லேன்னா நீங்க அதுக்கும் கவலப்படுவீங்க” என்பாள் என் சம்சாரம். கரை வேலைக்கு அந்தச் சுபாவம் நல்லது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்படுவது வேறு, பயந்ததற்குத் தக்கபடி நடப்பது வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெட்டின கல்லோடு களிமண் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீளத் தொட்டியில் போட்டுப் பெண்கள் அலசுவார்கள். கல் நிற்கும், சேறு தண்ணீரோடு வாய்க்காலில் ஓடிக் குட்டைக்குப் போகும். அங்கே சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளியும். தண்ணீருக்கு அலைகிற ஊர் அது, தெளிந்ததை வீணாக்க முடியாது. ஆகவே குட்டைக்குள் செங்கல்லால் ஒரு கூண்டு. அதன் ஒரு பக்கத்தில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருப்போம். தெளிந்த தண்ணீர் மேல் பலகையைத் தாண்டிக் கூண்டுக்குள் விழும். கூண்டின் அடியிலிருந்து ஒன்பது அங்குல இரும்பு பைப் கரைக்கு அடியில் புதைந்து வந்து, வெளியே ஒரு தொட்டியில் கொட்டும். ஆயில் இன்ஜின் பம்ப் அதைத் திரும்ப அலசலுக்கு ஏற்றும். சேறு ஏற ஏறப் பலகையும் ஏறும், கரையும் ஏறும்.

ஏரிக்கரை மாதிரி இல்லை இது. ஏரி வருஷத்துக்கு ஒருமுறை வற்றும், இறங்கிப் பார்த்துச் சரி செய்யலாம். சேற்றுக் குட்டை வற்றாது. அதற்கு அடியில் புதைத்த பைப்பைப் புதைக்கிற அன்றைக்குப் பார்த்ததோடு சரி.

2. பைப் புதைத்த வாரம்

கரை முழுக்க ஒரே மண். நனைந்தால் ஒன்றாய் நனையும், அமுங்கினால் ஒன்றாய் அமுங்கும். நடுவில் பைப் மட்டும் வேற்றாள். வேற்றாளை ஒட்டி எப்போதும் ஒரு சந்து இருக்கும். தண்ணீருக்கு அந்தச் சந்து போதும். பைப்புக்குள் ஓடுகிற தண்ணீரை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். பைப்பின் வெளிப்புறத்தை ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீர்தான் கரையைத் தின்னும்.

அதிலும் மோசமான இடம் பைப்பின் அடிவயிறு. மேலே கொட்டுகிற மண்ணைத் திமிசால் எவ்வளவு வேண்டுமானாலும் இடிக்கலாம். உருண்டையான பைப்புக்குக் கீழே, இரண்டு பக்கமும் வளைந்து உள்ளே போகிற இடத்தில், திமிசு இறங்காது. அங்கே ஆளின் காலும் கையும்தான் போகும். பிசைந்த களிமண்ணைக் கையால் திணித்து, குதிகாலால் உதைத்து உதைத்து ஏற்ற வேண்டும். அதற்கென்று ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து எட்டுப் பெண்கள் கொண்ட ஒரு ஜமா வந்திருந்தது. அதற்குத் தலைவி ஆரோக்கியம். புருஷன் இல்லாதவள். நடக்க முடியாத மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்து லைனில் முதல் குடிசையில் இருந்தாள். முதல் குடிசை என்றால் பைப் வாய்க்கு நேர் எதிரில், கூப்பிடு தூரம்கூட இல்லை.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் என் பயம் கொஞ்சம் அடங்கும். ஒரு முழம் மிதித்து முடித்ததும் கட்டைவிரலைக் களிமண்ணில் அழுத்திப் பார்ப்பாள். விரல் நகக்கண் அளவுக்கு மேல் இறங்கினால் எல்லாரையும் திரும்ப மிதிக்கச் சொல்வாள். மற்றப் பெண்கள் முனகுவார்கள். “கீழ படுத்துக்கப் போறது நாமதான், ஓவர்சியர் இல்ல” என்பாள்.

ஓவர்சியர் பெயர் நடேசன். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய பயம் அவருக்கு. புரட்டாசி பாதி ஆகிவிட்டது, ஐப்பசி மழைக்குள் கரை ஏற வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார். மிதிக்கிற வேலை ஆமை மாதிரி நகர்கிறது என்று தினமும் திட்டு.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கொள்ளிடத்தில் ஒரு மதகு வேலையில் பார்த்திருந்தேன். மதகை ஒட்டித் தண்ணீர் ஓடாமல் இருக்கக் குறுக்கே சுவர் வைத்திருந்தார்கள். அது ஞாபகம் வந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. நம்முடைய பைப்புக்கு ஒன்றும் இல்லையே என்று ஓவர்சியரிடம் போய் நின்றேன். பைப்பைச் சுற்றிக் கழுத்துப் பட்டை மாதிரி மூன்று இடத்தில் செங்கல் சுவர் கட்டினால் தண்ணீர் முட்டி நின்றுவிடும் என்றேன். முதலில் சிரித்தார். மறுநாள் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்து சரி என்றார். மேனேஜர் மெட்ராஸ்காரர், மாதத்தில் பாதி நாள்தான் இங்கே இருப்பார். அவருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பட்டை இருந்தால் மிதிக்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லவா? நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

மூன்று பட்டையும் எழும்பியது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மண் நிரப்பிக்கொண்டிருந்த அன்று ஆரோக்கியம் பள்ளத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

“மேஸ்திரியாரே, இங்க வந்து பாருங்க. சொவரும் கொழாயும் சேர்ற மூலைல கால் போவல. திமிசும் போவல. வெறும் மண்ணத்தான் கொட்டிருக்கோம்.”

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு பட்டைக்கு நாலு மூலை. பன்னிரண்டு மூலையிலும் மண் உதிரியாய்க் கிடந்தது. ஓவர்சியர் மேலே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொவரு இருக்கில்ல ஆரோக்கியம்? தண்ணி முட்டிட்டு நின்னுரும். மூடு” என்றேன்.

அவள் கூடையை எடுத்தாள். ‘மூடு’ என்ற அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை மனசுக்குள் திருப்பி எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. கரையில் பயப்படத் தெரிந்தவன், அன்றைக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டார்களே என்கிற சந்தோஷம்.

3. வேர்க்கிற கரை

முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகாமல் போயிற்று. அதற்கடுத்த கோடையில் கரிசல் வெடித்தது. நம் பக்கத்துக் கரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சித்திரையில் வெடிப்புக்குள் கையை விடலாம். கரையின் வெளி ஸ்லோப்பும் அப்படித்தான் பாளம் பாளமாய்ப் பிளந்தது. பைப் வாய்க்குப் பக்கத்தில் மண் சுருங்கி, பைப்பிலிருந்து விலகி நின்றது. ஒரு அரிசி மணி நுழையும் இடைவெளி. ஓவர்சியரைக் கூட்டி வந்து காட்டினேன். பூசி விடு என்றார். பூசினேன்.

ஆடியில் அந்த இடம் ஈரமாயிற்று. ஆவணியில் ஊற ஆரம்பித்தது. கண்ணீர் மாதிரித் தெளிந்த தண்ணீர்.

லைனில் ஒரே ஒரு கிணறு, அதுவும் உப்பு. அதில் பருப்பு வேகாது. பைப் ஓரமாக ஊறின தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த பெண்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. சாண் ஆழத்துக்கு ஒரு குழி பறித்து, உடைந்த பானை வாயை அதில் பதித்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். ஒருத்தி மஞ்சள் பூசின கல்லைக்கூடக் கொண்டுவந்து வைத்தாள். ஆரோக்கியமும் அங்கேதான் தண்ணீர் எடுத்தாள். குடிக்க வேறு வழி கிடையாது.

எனக்கு மட்டும் அந்தத் தண்ணீரை நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி மருந்து பாட்டில் ஒன்று என்னிடம் இருந்தது. காலையில் அதில் அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து இன்ஜின் ஷெட் ஜன்னலில் வைப்பேன். சாயங்காலம் அடியைப் பார்ப்பேன். தெளிந்து இருந்தால் கரை தண்ணீரை மட்டும் விடுகிறது. அடியில் மண் படிந்தால் கரை தன்னையே விடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயம் பிடித்தவனுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இன்ஜின் ஓட்டுகிறவர்கள் எனக்குக் கம்பவுண்டர் என்று பெயர் வைத்தார்கள். “கம்பவுண்டரே, இன்னிக்குக் கரைக்குக் காய்ச்ச எறங்கிச்சா?” என்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

ஓவர்சியரிடம் நாலைந்து தடவை சொன்னேன். கடைசியாகச் சொன்னபோது அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“கரைன்னா வேர்க்கும்யா. ஒனக்கு வேர்க்கல? பட்டை வச்சா தண்ணி நின்னுரும்னு நீதான சொன்ன?”

லைனையாவது மேட்டுக்கு மாற்றலாம் சார் என்று மெதுவாகக் கேட்டேன். மேட்டில் போட்டால் அலசல் தொட்டிக்கு அரை மைல் நடக்க வேண்டும், வேலை கெடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதற்குள் இன்னும் இரண்டு பலகை ஏற்றச் சொல்லி உத்தரவு. குட்டை உயர்ந்தது.

4. வாயை அடைத்தது

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை ஆரோக்கியம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுக் குடத்தின் அடியை விரலால் வழித்துக் காட்டினாள். விரலில் மாவு மாதிரி மண்.

“உள்ளேர்ந்து மண்ணத் தின்னுட்டு வருது மேஸ்திரியாரே. இது நாங்க மிதிச்ச களிமண்ணு இல்ல. அந்த மூலைல கொட்டினோமே, அந்த மண்ணு. கலரப் பாருங்க.”

நிறம் அதுதான். ஷெட் ஜன்னலில் என் பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். ஒரு விரல் உயரத்துக்கு மண்.

மேனேஜர் அன்றைக்கு இங்கேதான் இருந்தார். குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். “அடைச்சிடுங்க. களிமண் இருக்கு, சாக்கு இருக்கு. அடைக்கிறதுக்கு என்ன யோசனை?” என்றார்.

ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால் உள்பக்கம் மூழ்கித் தண்ணீர் இழுக்கிற இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, வைக்கோல் பிரியையும் களிமண்ணையும் திணிப்பார்கள். உள்ளே அடைத்தால் தண்ணீர் கரைக்குள் வராது. வெளியே அடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் இது சேற்றுக் குட்டை. உள்ளே இறங்கினவன் திரும்ப மாட்டான். பலகையைக் கழற்றித் தண்ணீரை இறக்கலாம், இறக்கினால் இரண்டு நாள் அலசல் நிற்கும். மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் சாக்கு எடுக்கப் போனேன்.

அடைத்தோம். களிமண், சாக்கு, கல். அதன் மேல் நானே நின்று திமிசு போட்டேன். மதியத்துக்குள் ஊற்று நின்றது. இந்த வேலையில் என் மனசு லேசாய் இருந்த நாள் என்று தேடினால் அந்த ஒரு நாளைத்தான் சொல்ல வேண்டும். வயிறாரச் சாப்பிட்டேன். அடைத்த இடத்தைத் தாண்டிப் போன ஆரோக்கியம் நின்று ஒரு வார்த்தை சொன்னாள்.

“வாய மூடிட்டா வவுத்து வலி போயிருமா?”

5. மூன்று பட்டைகள்

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மழை விட்டு வெயில் அடித்தது. கரையின் வெளி ஸ்லோப்பில், பைப் வாய்க்கு ஒரு ஆள் உயரம் மேலே, புல் மட்டும் பளபளவென்று நனைந்திருந்தது. கீழே அடைபட்ட தண்ணீர் கரைக்குள்ளேயே ஏறி மேலே வழி தேடியிருந்தது. கூடையோடு போய்க்கொண்டிருந்த ஆரோக்கியம் அங்கே காலை வைத்தாள். அவள் கால் மண்ணைப் பற்றிச் சொன்னால் அதில் தப்பு இருக்காது. கணுக்கால் வரைக்கும் இறங்கிற்று.

“கால் போவுது” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கி ஓடினாள். ஒவ்வொரு குடிசைத் தட்டியாக அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். யாரையும் அவள் கேட்கவில்லை. அலசல் தொட்டியில் இருந்த பெண்கள் கல்லைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்க ஓடினார்கள். ஆரோக்கியமும் இன்னும் மூன்று பேருமாய்க் கயிற்றுக் கட்டிலோடு மாமனாரைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள். அவர் எதற்கோ திட்டிக்கொண்டே வந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் ஆபீசுக்குப் போனேன். பலகையைக் கழற்ற வேண்டும், இன்ஜினை நிறுத்த வேண்டும், அதற்கு உத்தரவு வேண்டும் என்று ஓடினேன். மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், வெளியே இரு என்றார்கள். இருந்தேன். கீழே குடியிருந்தவர்களைக் கிளப்ப எனக்கு யார் உத்தரவும் தேவைப்பட்டிருக்காது. அது எனக்குத் தோன்றவே இல்லை. பயந்தவன் எப்போதும் மேலே பார்த்துத்தான் ஓடுவான்.

சத்தம் பெரிதாக இல்லை. வண்டி மண்ணைச் சரித்த மாதிரி ஒரு சத்தம். திரும்பி வந்து பார்த்தபோது பைப் இருந்த இடத்தில் கரை கத்தியால் வெட்டினதுபோலப் பிளந்திருந்தது. சாம்பல் நிறச் சேறு அவசரமே இல்லாமல் நடந்து போய்ப் பதினோரு குடிசையையும் மூடிக்கொண்டிருந்தது. கிணறு எங்கே என்று தெரியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு ஆடு, கொஞ்சம் கோழி. ஆரோக்கியம் இல்லாவிட்டால் அதை இவ்வளவு சுலபமாக எழுத முடியாது.

பிளவுக்குள் பைப் அந்தரத்தில் தொங்கிற்று. அதன் மேல் நான் கேட்டு வாங்கின மூன்று பட்டையும் ஒரு செங்கல் கலையாமல் நின்றன. அவற்றைச் சுற்றித்தான் மண் இல்லை.

6. கையெழுத்து

பிள்ளைகளே, கரை உடைந்தால் அதோடு வேலை முடியாது. ஏன் உடைந்தது என்று ஒரு காகிதம் எழுத வேண்டும்.

மறுவாரம் ஓவர்சியர் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டார். மேஜை மேல் இங்கிலீஷில் எழுதின தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது சார் என்றேன். படித்துத் தமிழில் சொன்னார். பெண்பிள்ளைகள் தண்ணீர் எடுப்பதற்காகப் பைப் வாயோரம் குழி தோண்டியதால் கரை இளகி உடைந்தது. மேஸ்திரி பார்த்த சாட்சி.

“சாண் ஆழம்தான் சார் தோண்டுனாங்க. மண்ணு வந்தது உள்ள இருந்து.”

“தோண்டுனாங்களா, இல்லியா?”

“தோண்டுனாங்க.”

“அதத்தான்யா எழுதிருக்கு. பொய் இல்லியே?” பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இது வேண்டாம்னா இன்னொண்ணு எழுதணும். பட்டை வைக்கச் சொன்னது யாரு, மூலைய மூடச் சொன்னது யாருன்னு எழுதணும். நான் மேல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். எதுன்னு நீயே சொல்லு.”

பேனாவை எடுத்தேன். என் பெயரைத் தமிழில் எழுத எனக்குத் தெரியும். எழுதினேன். அஞ்சாவது வரை படித்தது அதற்குப் பயன்பட்டது.

கரையைக் கெடுத்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஆரோக்கியத்தின் ஜமாவையும் லைன் ஜனத்தையும் அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். சேற்றில் புதைந்த சட்டிபானையைத் தோண்டி எடுக்கக்கூட நேரம் தரவில்லை. கட்டிலோடு மாமனாரை வண்டியில் ஏற்றினாள். நான் இன்ஜின் ஷெட்டுக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னைத் தேடினாளா என்று தெரியாது. தேடியிருக்க மாட்டாள்.

7. அரியலூர் ரோட்டில்

புதுக் கரையையும் நானே போட்டேன். அந்தத் தடவை பட்டை வேண்டாம் என்று சொன்னேன். பைப் பதிக்கிற பள்ளத்தைச் செங்குத்தாக வெட்டாமல் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டச் சொன்னேன், கால் நன்றாய் இறங்கும். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குப் பைப்பைச் சுற்றிக் களிமண்ணுக்குப் பதிலாக ஆற்று மணல், அதற்கு வெளியே பொடி ஜல்லி, அதற்கும் வெளியே பெரிய ஜல்லி. தண்ணீர் எப்படியும் வரும். வருகிற தண்ணீரை மறிக்காதீர்கள், வழி விடுங்கள். அதோடு வருகிற மண்ணை மட்டும் மணல் பிடித்துக்கொள்ளும். நான் சொன்னதையெல்லாம் இந்தத் தடவை கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவன் சொல்லுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது.

லைனை மட்டும் பழைய பள்ளத்திலேயே போட்டார்கள். பூலாம்பாடிப் பக்கத்து ஜனங்கள் வந்து குடியேறினார்கள். நான் மறுபடியும் பாட்டிலை ஷெட் ஜன்னலில் வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வேலையாக அரியலூர் போனபோது, ரயிலடிக்குப் போகிற ரோட்டில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தவறிட்டாரு என்றாள். அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தாளாம். இங்கிருந்து போன அந்தத் தை மாதமே போய்விட்டாராம்.

எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவள்தான் பேசினாள்.

“புதுக் கொழாய்க்கு அடில மிதிச்சது யாரு?”

யார் என்று சொன்னேன்.

“மூலைல கால் போச்சா?”

“மூலையே வைக்கல ஆரோக்கியம். சொவரு இல்ல. வெளிப்பக்கம் மணலு போட்டிருக்கேன்.”

ஒரு கல்லை உடைத்தாள். அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

“கீழ ஆளுங்க இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அவுங்ககிட்ட சொன்னீங்களா?”

அவர்களைக் கூப்பிட்டு இந்தக் கரை ஒரு தரம் உடைந்தது என்று நான் சொன்னதே கிடையாது. கையெழுத்துப் போட்டதைப் பற்றி அவள் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. அடுத்த கல்லை எடுத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை பைப் வாயோரம் மணல் வழியாக ஊறின தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன். ஷெட்டுக்குக் கொண்டு போகவில்லை. பள்ளத்தில் இறங்கி முதல் குடிசைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என்ன வேண்டும் மேஸ்திரி என்று பயந்துபோய் எழுந்தாள். பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். தினம் காலையில் பிடிக்க வேண்டும், சாயங்காலம் அடியைப் பார்க்க வேண்டும் என்றேன். இதற்கு முன் இங்கே இருந்தவர்கள் யார், எப்படிப் போனார்கள், அவர்கள் மேல் பழி எப்படி வந்தது, அதில் யார் கையெழுத்துப் போட்டது எல்லாம் சொன்னேன். மற்றக் குடிசைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள்.

“அடில மண்ணு நின்னா என்னா செய்யிறது?” என்று அவள் கேட்டாள்.

“புள்ளைங்களத் தூக்கிட்டு மேட்டுக்குப் போங்க. யாரையும் கேக்காதீங்க. என்னையும் கேக்காதீங்க.”

லைனில் பீதி கிளப்புகிறான் என்று அந்த மாதமே என்னை நிறுத்திவிட்டார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு கரையோரமாகத்தான் நடந்து வந்தேன். முதல் குடிசையின் இறவாணத்தில், கூரை விளிம்பில், பாட்டில் செருகியிருந்தது, பாதி வரைக்கும் தண்ணீர். தூரத்திலிருந்து அடி தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று நின்றேன். அந்தப் பெண் வெளியே வந்து, பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நான் என் வழியில் நடந்தேன்.